பல்லின் மேல் போட்ட பழி

2019-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் நமது மகள் ஒரு பெண் குழந்தையை ஈன்றாள். அன்று அஸருக்குப் பின் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்கள் மருத்துவமனைக்கே வந்து, குழந்தையின் வலது காதில் பாங்கு சொல்லி, தஹ்னீக் செய்வதற்காகப் பேரீச்சம்பழக் குழைவைச் சிறுவிரல் நுனியில் எடுத்து அதன் வாயில் வைத்தார்கள். மேலண்ணத்தில் தடவிய விரலைக் குழந்தை ஆவலோடு சப்பிற்று. ஹஜ்ரத் அவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள். “மாஷா அல்லாஹ், பேத்தி கடிக்கிறாளே!” என்றார்கள்.

விளையாட்டுப் பேச்சு என்றே நாம் நினைத்தோம். குழந்தையின் கீழுதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஈறின் நடுவில், அரிசிக் குருணை போல, சற்றே மஞ்சள் பாய்ந்த ஒரு பல் நின்றுகொண்டிருந்தது.

அறையில் பேச்சு அடங்கிற்று. குழந்தையைப் பார்க்க வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர்தாம் முதலில் வாய் திறந்தார். “பல்லோட பொறந்தா மாமனுக்கு ஆகாதும்பாங்க” என்று, யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னார். மாமன் என்பது நமது மகன். அவன் அதே அறையில், சன்னலோரம் நின்று மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான். ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்தவன். பன்னிரண்டு நாளில் திரும்பவேண்டியவன். சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் சிரித்துவிட்டான். அவனைப் பெற்றவள் சிரிக்கவில்லை.

மேல்பல் முந்தி முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது, பல்லோடு பிறந்தால் குடும்பத்துக்கே ஆகாது என்பவை நம் நாட்டில் சாதி, சமயம் பாராமல் எல்லா வீட்டுத் திண்ணைகளிலும் உலவும் சொற்கள். நம் வீட்டுத் திண்ணைக்கும் அவை எப்படியோ வந்து சேர்ந்துவிட்டன. பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்து அரபு மக்கள் பறவை பறக்கும் திசையைப் பார்த்துப் பயணத்தை நிறுத்திவைப்பார்கள். அந்தச் சகுனம் பார்த்தலை நாயகம் அவர்கள் அடியோடு மறுத்தார்கள். ஹிஜ்ரி 10-ல் அவர்களுடைய பாலகர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும், எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணம் கொள்வதில்லை என்று அவர்கள் எடுத்துரைத்துத் திருத்தினார்கள். தம் துக்கத்துக்கு வானமே சாட்சி சொல்லிற்று என்ற பெருமையைக்கூட ஏற்க மறுத்த தலைவரின் உம்மத்து நாம். ஒரு குருணைப் பல்லைக் கண்டு நடுங்குகிறோம்.

இவற்றையெல்லாம் அன்றிரவு மனைவியிடம் சொன்னோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதாங்க. டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்ன குறைஞ்சுபோவுது?” என்று கேட்டாள். உண்மையை மறைப்பானேன்? ஒரு கணம் நமக்கும் அது சரியென்றே பட்டது. மகன்தான் ஒப்பவில்லை. குறித்த நாளில் விமானம் ஏறினான்.

அவன் நலமாகப் போய்ச் சேர்ந்தான் என்பதைச் சகுனம் பொய்த்ததற்குச் சான்றாக நாம் எழுதவில்லை. அந்த ஆண்டில் அவன் மாடிப்படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையே எண்ணிப் பார்க்கிறோம். அந்தப் பழி தொட்டிலில் கிடந்த சிசுவின் மேல் விழுந்திருக்கும். பதினாறு வயதிலும், நிக்காஹ் பேசும் நாளிலும், “பல்லோடு பிறந்தவள், மாமன் காலை முறித்தவள்” என்று யாரேனும் ஒருவர் நினைவூட்டிக்கொண்டிருப்பார். வாய் திறந்து மறுக்கத் தெரியாத ஒரு ஜீவன் மீது நாம் போடும் வழக்கு இது.

இந்தச் சகுனத்துக்கு நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதும் வேடிக்கை. பழைய ரோமாபுரியில் மேனியஸ் கூரியஸ் என்பவர் பல்லோடு பிறந்தார் என்று பிளினி எழுதியிருக்கிறார். ‘பல்லுடையார்’ என்று பொருள்படும் டென்டாட்டஸ் என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது; கி.மு. 290-ல் அவர் அந்நாட்டின் கான்சல் பதவியும் வகித்தார். பிரான்சை ஆண்ட பதினான்காம் லூயி 1638-ல் பிறந்தபோதே வாயில் பல் இருந்தது. துன்பப்பட்டவர்கள் அவருக்குப் பாலூட்டிய செவிலியரே. இங்கிலாந்திலோ, மூன்றாம் ரிச்சர்டைக் கொடியவனாகக் காட்ட விரும்பிய ஷேக்ஸ்பியர், அவன் பல்லோடு பிறந்தவன் என்று நாடகத்தில் ஏற்றிவிட்டார். ஒரே பல் ஓரிடத்தில் விருது, மற்றோரிடத்தில் சாபம்.

மறுநாள் குழந்தைகளின் பல் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். அந்த இளம்பெண் கையைச் சோப்பிட்டுக் கழுவி, உறை மாட்டிக்கொண்டு, பல்லை விரல் நுனியால் அசைத்துப் பார்த்தார். பிறகு சொன்னவை நமக்குப் புதியவை. பிறக்கும்போதே இருக்கும் பல் ஒருவகை. பிறந்து 30 நாளுக்குள் முளைப்பது இன்னொரு வகை. 1950-ல் மாஸ்லர், சவாரா என்ற இருவர் வகுத்த இப்பிரிவே இன்றும் வழக்கில் இருக்கிறது. ஏறத்தாழ 2000 முதல் 3500 பிறப்புகளில் ஒன்றில் இப்படி நேரும். பெரும்பாலும் கீழ்த்தாடையின் நடுப்பற்களே இவ்வாறு முந்திக்கொள்ளும். பால்பல்லின் கரு, தாய் வயிற்றில் ஆறாம் வாரத்திலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. அது தாடைக்குள் ஆழமாக அமையாமல் மேற்பரப்புக்கு அருகில் அமைந்துவிட்டால், காலத்துக்கு முன்பே வெளியே தலை நீட்டும். சில குடும்பங்களில் இது வழிவழியாகவும் வருவதுண்டு. அபூர்வமாக வேறு பிறவிக் குறைகளோடு சேர்ந்தும் வரும் என்பதால், குழந்தையின் கை, கால், அண்ணம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“புடுங்கிடலாமா டாக்டர்?” என்று மனைவி கேட்டாள். தேவையில்லை என்றார். இப்படிப்பட்ட பற்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கூடுதல் பல் அல்ல. ஆறு மாதம் கழித்து வரவேண்டிய அதே பால்பல்தான். பிடுங்கிவிட்டால் ஆறேழு வயதில் நிரந்தரப் பல் வரும்வரை அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். பல் மிகவும் ஆடினால், கழன்று மூச்சுக்குழலுக்குள் போகுமோ என்ற அச்சத்தால் எடுப்பார்கள். அதையும் பிறந்த முதல் பத்து நாளில் அவசரப்பட்டுச் செய்வதில்லை. இரத்தத்தை உறையச் செய்யும் வைட்டமின் கே சிசுவின் உடலில் மிகக் குறைவு. பிறந்தவுடன் அந்த ஊசி போடப்பட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கை வைப்பார்கள். வீட்டிலேயே நூல் கட்டி இழுப்பதும், நகத்தால் நெம்புவதும் என்ன விளைவைத் தரும் என்று அவர் விளக்கியபோது நமக்கு வியர்த்தது. ஏனெனில் வீட்டில் ஒருவர் அந்த யோசனையைச் சொல்லியிருந்தார்.

ஒரே ஒரு தொல்லை நேர்ந்தது. மூன்றாம் வாரத்தில் குழந்தையின் நாக்கின் அடிப்பக்கத்தில், பல் உரசி உரசி ஒரு புண் உண்டாயிற்று. பால் குடிக்கும்போதெல்லாம் வீறிட்டது. 1881-ல் இதை எழுதிவைத்த ரிகா, பின்னர் ஆராய்ந்த ஃபேடே என்ற இத்தாலிய மருத்துவர்களின் பெயரால் இந்தப் புண் வழங்குகிறதாம். மருத்துவர் பல்லின் கூர்முனையை ஒரு நிமிடத்தில் மழுக்கிவிட்டார். புண் சில நாளில் ஆறிற்று. சகுனப் பல்லின் கதை அத்துடன் முடிந்தது.

ஆனால் இந்தப் பல்லை முன்னிட்டு நம் வீட்டுக்கு வாய் பார்க்க வந்த குழந்தைகள் பல. வேறொன்றும் தெரியாத நம்மை அக்கம்பக்கத்தார் பல் நிபுணராகவே ஆக்கிவிட்டார்கள். அடுத்த தெருவில் பிறந்து பத்து நாளான ஒரு பையனின் மேலண்ணத்தின் நடுக்கோட்டில் கடுகு கடுகாக வெண்முத்துக்கள். பல் என்று ஒருவர், வாய்ப்புண் என்று ஒருவர், கள்ளிப்பால் போல ஏதோ உறைந்திருக்கிறது என்று ஒருவர். உப்பைத் துணியில் தொட்டுத் தேய்க்க ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. மருத்துவரிடம் அனுப்பிவைத்தோம். அவர் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். பிராகு நகரத்து மருத்துவர் எப்ஸ்டீன் 1880-ல் விவரித்ததால் அவற்றுக்கு எப்ஸ்டீன் முத்துக்கள் என்று பெயர். அண்ணத்தின் இரு பாதிகளும் கருவில் ஒன்று சேரும்போது இடையில் சிக்கிக்கொண்ட தோல் அணுக்கள், நகமும் தோலும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே கெரட்டினால் நிரம்பி இவ்வாறு புடைத்து நிற்கும். ஈறின் பக்கங்களில் வருபவற்றுக்கு, 1866-ல் எழுதிய போன் என்பவரின் பெயர். ஈறின் முகட்டில் வருபவை பல் உருவானபோது மிஞ்சிய திசுவின் எச்சங்கள். பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும். நாம் வாயைத் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். வலி இல்லை, மருந்து இல்லை. சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், தாமே உதிர்ந்துவிடும். பல்லென்றால் விரலில் கூர்மை தட்டுப்படும், இம்முத்து வழவழவென்றிருக்கும். தயிர்த்திட்டுப் போலப் படர்ந்து, துடைத்தால் பெயர்ந்து வந்து அடியில் சிவந்திருந்தால் அது வேறு, பூஞ்சை. அதற்கு மருந்து உண்டு.

எல்லாக் கட்டியும் இப்படித் தானாகப் போய்விடும் என்று சொல்லிவிட முடியாது. பிறக்கும்போதே மேல் ஈறில் காம்போடு தொங்கும் இளஞ்சிவப்புக் கட்டி ஒன்று அபூர்வமாக வருவதுண்டு. பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கே வரும். 1871-ல் நாய்மன் என்பவர் முதலில் எழுதிய அது புற்றுநோய் அல்ல. ஆயினும் பெரியதாகிப் பால்குடியையும் மூச்சையும் தடுத்தால் அறுத்தெடுக்க வேண்டும். நாள்தோறும் வளரும் கட்டி, இரத்தம் கசியும் கட்டி, பால் குடிக்க விடாத கட்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டு வீட்டில் பட்டிமன்றம் நடத்தக் கூடாது.

பல் தாமதித்தாலும் கலக்கந்தான். கீழ் நடுப்பற்கள் பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துக்குள் வரும். இரண்டரை வயதை ஒட்டி 20 பால்பற்களும் நிறையும். மேல்பல் முந்துவது, பக்கப்பல் முந்துவது எல்லாம் வெறும் வரிசை மாற்றம். ஓராண்டு கடந்தும் ஒரு பல்லும் வராவிட்டால் காட்டிவிடுவது நல்லது. அத்தாவுக்கும் பல் தாமதமாகவே முளைத்தது என்று அறிந்தால் பெரும்பாலும் கவலை தீர்ந்துவிடும். தைராய்டுக் குறை, வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு மென்மை ஆகியவையும் காரணமாகலாம். இன்னொன்றும் உண்டு. சிந்து நாட்டுக் குடும்பம் ஒன்றைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1875-ல் எழுதினார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்கள் மிகச் சிலவே முளைத்தன; உடலில் மயிர் மிகக் குறைவு; தோல் வறண்டு, கோடையில் வெப்பம் தாங்காமல் அவதிப்பட்டார்கள். வியர்வைச் சுரப்பியும் பல்லும் மயிரும் கருவில் ஒரே புறப்படலத்திலிருந்து தோன்றுபவை; அதில் குறை நேர்ந்தால் மூன்றும் குறையும். பல்லும் வராமல், வியர்வையும் வராமல், வெயில் காலத்தில் அடிக்கடி காய்ச்சல் காணும் குழந்தை நம் ஊரிலும் பிறக்கலாம். அதன் பல்லைவிட, அது வெயிலில் படும் பாட்டை முதலில் கவனிக்கவேண்டும்.

இதுவரை எழுதியதெல்லாம் அஞ்சவேண்டாத இடத்தில் நாம் அஞ்சுவதைப் பற்றி. இனி எழுதப்போவதை எழுத நமக்குக் கை வரவில்லை. ஆனால் அதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினோம்.

1961-ல் நமக்கு ஏழு வயது. நமது தம்பிக்கு ஒன்பது மாதம். தவழ்ந்து வாசற்படி வரை வந்துவிடுவான். அகப்பட்டதையெல்லாம் வாயில் வைப்பான். கீழ் ஈறில் இரண்டு புடைப்புகள் தோன்றின. அம்மா நம் விரலைப் பிடித்து அவற்றைத் தொட்டுக் காட்டினார்கள். அந்த வாரமே அவனுக்கு வயிற்றோட்டம் தொடங்கிற்று. “பல்லுக்குப் போவுது. பல்லு வெளியே வந்தா நின்னுடும்” என்று நன்னி சொன்னார்கள். நன்னி எட்டுப் பிள்ளை பெற்றவர்கள். அவர்களுடைய சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று தண்ணீரையும் நிறுத்தினார்கள். இரண்டாம் நாள் அவன் அழுதான், கண்ணீர் வரவில்லை. அதை நாம் பார்த்தோம். அதன் பொருள் நமக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மாலையில் அத்தா வண்டி பூட்டச் சொன்னார்கள். சுபுஹு பாங்குக்கு முன்பு, வழியிலேயே, அவன் மௌத்தாகிவிட்டான். மையித்தைக் குளிப்பாட்டிய மூதாட்டி உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, “பல்லு வரவே இல்லையே புள்ளே” என்று அம்மாவிடம் சொன்னதை நாம் தூண் மறைவில் நின்று கேட்டோம்.

நன்னியை நாம் குறை சொல்லப்போவதில்லை. பல்லைப் பழிப்பதில் உலகமே ஒன்றாக இருந்தது. மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037) தமது அல்-கானூனில் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, பல் முளைக்கும் பருவத்து வயிற்றோட்டத்துக்கு ஒரு காரணம் தேடியிருக்கிறார். உடலின் ஆற்றல் பல்லை உருவாக்குவதில் ஈடுபட்டுவிடுவதால் செரிமானம் தளர்கிறதோ என்று கருதினார். கிருமியைக் காணும் கருவி இல்லாத காலத்தில் அதற்கு மேல் எவரால் கருத முடியும்? பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே, இறந்துபோன ஒரு பிரபுவின் எட்டு மாதக் குழந்தையின் ஈறைக் கீறிப் பார்த்து, உள்ளே முளைக்கத் தயாராக நின்ற பற்களைக் கண்டு, முன்பே கீறியிருந்தால் பிழைத்திருக்கும் என்று முடிவு கட்டினார். அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய மருத்துவர்கள் உயிருள்ள குழந்தைகளின் ஈறுகளைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார்கள். 1842-ல் லண்டனில் ஓராண்டு நிறையாமல் இறந்த குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 5 குழந்தைகளின் மரணத்துக்குப் பல் முளைத்தலே காரணம் என்று பதிவேட்டில் எழுதிவைத்தார்கள்.

நோய்க்குத் தவறான பெயர் வைத்தால் மருந்தும் தவறிவிடுகிறது. பல் முளைக்கும் குழந்தைக்கென்று விற்ற பொடிகளில் பாதரச உப்பு இருந்தது. கையும் காலும் சிவந்து உரிந்து, ஒளியைக் காணக் கூசி வாடிய குழந்தைகளின் நோய்க்குப் பாதரசமே காரணம் என்று 1948-ல் அமெரிக்காவில் வார்க்கனியும் ஹப்பர்டும் காட்டினார்கள். 1954-ல் பிரிட்டனில் அப்பொடிகள் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட பின் அந்நோயும் மறைந்துபோயிற்று. அமைதி தரும் பாகு என்று அமெரிக்காவில் 1849 முதல் விற்ற இன்னொன்றில் மார்ஃபின் இருந்தது. தூங்கிய குழந்தைகள் பல விழிக்கவில்லை. இவை பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை. ஈறில் தடவும் மரப்புக் களிம்புகளில் உள்ள பென்சோகெயின், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடும் என்று, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை விலக்குமாறு அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது 2018-ல்தான். அதே ஆண்டில், பல் வலிக்கென்று கழுத்தில் கட்டிய மணிமாலை இறுக்கி ஒரு குழந்தை இறந்ததையும் அது அறிவித்தது. கழுத்தில் கயிறு கட்டிய குழந்தையைத் தனியே உறங்கவிடும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு.

பல் உண்மையில் என்னதான் செய்கிறது? 2000-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளின் பெற்றோர், நாள் தவறாமல் வெப்பநிலையையும் மற்றக் குறிகளையும் எழுதிவைத்தார்கள். பல் வெளிப்படும் நாளை ஒட்டிய ஒரு வாரத்தில் எச்சில் வடிதல், கடித்தல், ஈறைத் தேய்த்தல், சிணுங்கல், திட உணவில் விருப்பமின்மை, மிகச் சிறிய வெப்ப ஏற்றம் ஆகியவை காணப்பட்டன. கடுங்காய்ச்சலும் வாந்தியும் வயிற்றோட்டமும் பல்லோடு சேர்ந்து வரவில்லை. பிறகு ஏன் இரண்டும் ஒன்றாய் வருவதாகத் தோன்றுகிறது? ஆறு மாதம் என்பது தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புத் தேய்ந்துபோகும் பருவம். தவழும் பருவமும் அதுவே. மண்ணையும் செருப்பையும் வாயில் வைக்கும் பருவமும் அதுவே. தாய்ப்பாலோடு வேறு உணவும் தண்ணீரும் சேரும் பருவமும் அதுவே. அந்த இரண்டு ஆண்டில் ஏதாவது ஒரு பல் எப்போதும் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. எந்த நோய் வந்தாலும் அருகில் ஒரு பல் இருக்கும்.

தம்பி போன ஏழாம் ஆண்டு, 1968-ல், டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில், உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீரை வாயால் கொடுத்தே காலரா நோயாளிகளை மீட்கலாம் என்று காட்டினார்கள். 1971-ல் வங்கப் போரின் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் சிரை ஊசிக்கான நீர் தீர்ந்துபோன போது, திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் அந்த உப்புச் சர்க்கரை நீரைப் பீப்பாய்களில் கலந்து வைத்து, தாய்மார்களின் கையிலேயே குவளையைக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. நமது தம்பிக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்: ஒரு குவளையும் கரண்டியும். அவற்றைத்தான் நாம் விலக்கி வைத்திருந்தோம்.

அம்மா இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

2020 ஜூலையில் கொரோனா ஊரடங்கு நீண்டுகொண்டிருந்தது. நமது மகள் குழந்தையோடு நம் வீட்டிலேயே தங்கிப்போயிருந்தாள். பேத்திக்கு எட்டு மாதம். பல்லோடு பிறந்தவளுக்கு அடுத்த பல் வரும் காலம். மேல் ஈறில் நாவற்பழ நிறத்தில் ஒரு புடைப்பு. பல்லைச் சுற்றிய பையில் நீரோ இரத்தமோ கோத்து இவ்வாறு நீலம் பாயும், பல் வெளிவந்ததும் தானே உடைந்துவிடும், குத்த வேண்டாம் என்று மருத்துவர் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார். ஒரு வியாழன் காலையில் அவளுக்கு வயிறு போகத் தொடங்கிற்று. இரண்டு முறை வாந்தி. நண்பகலுக்குள் ஏழு தடவை போய்விட்டது. மகள் பட்டம் பெற்றவள். “பல்லு வர்ற நேரம் நன்னா, அப்படித்தான் இருக்கும்” என்று குழந்தையின் குரலில், குழந்தைக்காகப் பேசுவது போல நம்மிடம் சொன்னாள். தொலைபேசியில் பேசிய சம்பந்தி வீட்டாரும் அதையே சொன்னார்கள். நோய்த்தொற்றுக்கு அஞ்சி மருத்துவமனைப் பக்கம் எவரும் போகாத நாள் அது. இவ்வளவையும் படித்து வைத்திருந்த நாமும், லுஹருக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம்.

அம்மாவுக்கு அப்போது எண்பத்து மூன்று வயது. கட்டிலிலிருந்து தாமே எழுந்து வந்தார்கள். குழந்தையின் உச்சிக்குழியில் உள்ளங்கையை வைத்தார்கள். அடிவயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார்கள். இடுப்புத் துணியைத் தொட்டு, “ஒண்ணுக்கு எப்போ போனா?” என்று கேட்டார்கள். மகளுக்கு நினைவில்லை. குழந்தை அழுதது. அம்மா குனிந்து அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கார எடு” என்றார்கள் நம்மிடம்.

“பல்லு வர்றதும்மா…” என்று மகள் தொடங்கினாள்.

“பல்லு இல்ல” என்றார்கள் அம்மா. அவ்வளவு உரத்த குரலை நாம் அந்த வீட்டில் கேட்டதில்லை.

மருத்துவர், சிறிது தாமதித்திருந்தால் சிரையில் ஊசி ஏற்றவேண்டி வந்திருக்கும் என்றார். ஓர் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் முழுவதும் கரைத்து, கரண்டி கரண்டியாக, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுக்கச் சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது என்றார். பதினான்கு நாளுக்குத் துத்தநாக மருந்து எழுதினார். சில மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு, இஷாவுக்குப் பின் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றிரவு கரண்டியை அம்மா எவரிடமும் கொடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, குழந்தையை மடியில் கிடத்தி, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஊட்டினார்கள். நாம் எதிரில் அமர்ந்திருந்தோம். தம்பியின் பெயர் ஒருமுறை அவர்கள் வாயில் வந்தது போல இருந்தது. பிஸ்மி சொன்னதாகவும் இருக்கலாம். சுபுஹுக்குக் கொஞ்சம் முன்பு குழந்தை காலை உதைத்துக்கொண்டது. அம்மாவின் மடி நனைந்து, சேலையில் ஈரம் முழங்கால் வரை பரவிற்று. “போயிட்டா” என்றார்கள் மெதுவாக. பாங்கு சொல்லி முடிந்த பிறகும் அந்த ஈரச் சேலையோடே சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு, அதன்பின்தான் தொழுகைக்கு வேறு சேலை மாற்ற எழுந்தார்கள்.